ஏற்கெனவே உள்ள நோய்

படிவத்தின் மூன்றாம் பக்கம் முழுக்கக் கேள்விகள். இதய நோய் உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா, இனிப்புநீர் உண்டா. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு சின்னக் கட்டங்கள். எங்கள் ஓதுவார் ஐயா மளமளவென்று 'இல்லை' போட்டுக்கொண்டே வந்தவர், இனிப்புநீர் வரியில் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பொருளாளர் குனிந்து பார்த்தார். "ஐயா, எல்லாரும் இல்லைன்னுதான் போடுவாங்க. மாத்திரையை ஊர்லேருந்துதானே வரவழைச்சுச் சாப்பிடுறீங்க? இங்க எந்த கிளினிக்லயும் பதிவு கிடையாது. யாருக்குத் தெரியப்போவுது?"

ஓதுவார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் நன்னெறிப் பாடம் நடத்தியவன் அந்த நேரத்தில் நாட்காட்டியைப் பார்த்தான் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவர் 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டார். பக்கத்தில் "எட்டு ஆண்டுகளாக" என்று தமிழில் எழுதினார். பிறகு ஞாபகம் வந்து அடித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினார்.

எங்களுடையது ஜாசின் பக்கத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். தோட்டத்தில் இருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, லயத்தையும் இடித்த பிறகு, அம்மனையும் தூக்கிக்கொண்டு தாமானுக்கு வந்துவிட்டோம். நான் செயலாளர். தேவாரம் சொல்லிக்கொடுக்க உள்ளூரில் ஆள் இல்லாததால் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஓதுவாரைப் பெர்மிட்டில் வரவழைத்தோம். சனிக்கிழமை காலையில் வகுப்பு. இருபத்தேழு பிள்ளைகள். மெர்லிமாவிலிருந்துகூடக் கொண்டுவந்து விடுகிறார்கள். எங்களுக்கு அவர் வெளிநாட்டு ஆசிரியர், பாடத்திட்டம் மட்டும் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தியது. எனவே அவருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துத் தருவது எங்கள் பொறுப்பு.

படிவத்தை உறையில் போட்டு ஒட்டியபின் அவரை வீட்டில் விடக் காரில் கூட்டிப்போனேன். பாதி வழியில் கேட்டார்: "சார், இந்த வாரம் புள்ளைங்களுக்குத் திருநீலகண்டப் பதிகம் எடுக்கிறேன். சுரத்தைப் போக்குன பதிகம். அதையும் சொல்லிக் கொடுத்துட்டு, பாக்கெட்ல இன்சூரன்ஸ் கார்டும் வெச்சுக்கிட்டா, ரெண்டுல ஒண்ணு பொய்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் விழுந்திருந்தது, அது வசதியாகப் போயிற்று.

அன்று ராத்திரி எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

எனக்கு அடுத்துப் பிறந்தவன். ஒன்றரை வயதில் சுரம் கண்டு போய்விட்டான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் பார்த்துவிட்டு, டவுனுக்குக் கொண்டுபோங்கள் என்றார். ராத்திரி நேரம். லாரி வேண்டுமென்றால் கிராணி சொல்ல வேண்டும், கிராணி துரையைக் கேட்க வேண்டும். துரை பங்களாவில் விளக்கு அணைந்திருந்தது. காலையில் லாரி வந்தது. அதற்குள் அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒருவரும் லாரியைப் பற்றிப் பேசவில்லை. "அவன் கொண்டுவந்தது அவ்வளவுதான்" என்றார்கள். "தலையெழுத்து" என்றார்கள். அம்மாவும் கடைசிவரை அதையேதான் சொன்னாள். துரை வாயைத் திறந்து ஒரு சமாதானம் சொல்லவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. அவருக்கான சமாதானத்தையும் நாங்களே சொல்லிக்கொண்டோம்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்த்து வைத்த மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று அவிழ்த்துக்கொண்டது பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். பிராரத்தத்தை உடம்பு இருக்கும்வரை அனுபவித்துத்தான் கழிக்க வேண்டும் என்பார்கள். சரி, இனிப்புநீர் அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி பில்லும் பிராரத்தமா? பில் கட்ட ஊரில் அவர் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வேண்டி வந்தால் அது யாருடைய வினை? அவளுக்கும் அது இருந்தது என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொல்ல ஆரம்பித்தால் எதையும் சொல்லிவிடலாம். வராத லாரியும் வினைதான், அணைந்த விளக்கும் வினைதான். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவியை நான் நம்புவதில்லை. அது பூட்டே சரியில்லை என்பதற்குத்தான் அடையாளம்.

மறுநாள் திருநீலகண்டப் பதிகத்தை எடுத்து உட்கார்ந்தேன். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது. பொருளைத் திரும்பிப் பார்த்து ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்தது. கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அந்த ஊரில் அந்தப் பருவத்தில் அது வழக்கம்தான் என்று சொன்னார்கள். அப்போது பாடியதாகப் பெரிய புராணம் சொல்கிறது. மந்திரம் போட்டது மாதிரி சுரம் விட்டது என்ற கதையை மட்டும்தான் எங்கள் வாத்தியார் சொல்லித் தந்தார். பதிகம் எப்படித் தொடங்குகிறது என்பதை அவர் கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்ததில்லை. சம்பந்தர் முதலில் சாமியோடு பேசவே இல்லை. வினைக் கணக்குப் பேசிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்களை உலுக்கித்தான் ஆரம்பிக்கிறார். செய்த வினைக்கு இது பலன் என்பது தெரிந்தவர்தானே நீங்கள், அதிலிருந்து பிழைக்க ஒரு வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்கே குறையில்லையா என்று கேட்கிறார். பெரட்டுக்களத்தில் அம்மாவைச் சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்துக் கேட்டது மாதிரி இருந்தது எனக்கு.

ஓதுவாரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இது புதிதில்லை. பாடிப் பாடி நாக்கில் தேய்ந்த வரிகள். ஆனால் வேறொன்றைச் சொன்னார். "அப்பர் சூலைக்குப் பாடுனது தனக்காக, சார். இது அப்படியில்ல. சம்பந்தருக்குச் சுரமே வரல. கூட வந்தவங்களுக்குத்தான் வந்துச்சு. ஆனாலும் 'எங்களை'ன்னுதான் பாடுறாரு. வராதவரும் வந்தவங்களோட சேந்து ஒரே பன்மைல நிக்கிறாரு."

இலக்கணம் நடத்தியவன் நான். இலக்கணம் சொன்னவர் அவர்.

காப்புறுதியும் அடிப்படையில் இந்தப் பன்மைதானே? நோய் வராதவனும் வந்தவனும் ஒரே பானையில் போடுவது, வந்தவன் அதிலிருந்து எடுப்பது. இதைப் பற்றி நாம் யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் யோசித்திருக்கிறார்கள். 1972இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு ஆயுள் காப்புறுதியை மார்க்கத்துக்கு ஒவ்வாத ஒப்பந்தம் என்றது. நிச்சயமில்லாததை விற்பது, சூதாட்டச் சாயல், வட்டி என்று மூன்று காரணம். சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடவில்லை. 1984இல் தக்காஃபுல் சட்டம் வந்தது. அதே காரியத்தை வேறு நிய்யத்தோடு செய்கிற ஏற்பாடு.

என்னோடு ஒரே மாவட்டத்தில் வேலை பார்த்த மலாய்க்கார சிக்கு, அதாவது ஆசிரியர், ஒருவர் ஓய்வுக்குப் பிறகு தக்காஃபுல் முகவராக இருக்கிறார். அவரை டவுனில், ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் பிடித்தேன். அந்தத் தெருவைப் பற்றிச் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. பள்ளிவாசலும் சீனர் கோயிலும் மலாக்காச் செட்டிகள் 1781இல் கட்டிய விநாயகர் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன என்பது மட்டும் போதும். அந்தப் பிள்ளையாருக்குப் பெயர் பொய்யாத விநாயகர். கார் நிறுத்திவிட்டு அந்த வாசலைக் கடந்து நடக்கும்போது எனக்கு நாட்காட்டி ஞாபகம் வந்தது.

சிக்கு விளக்கினார். "நீ மாசாமாசம் கட்டுற காசு விலை இல்ல. தபர்ரூ, நன்கொடை. குடுக்கும்போதே யாரோ ஒருத்தனுக்குன்னு நினைச்சுக் குடுக்கிற. நாளைக்கு அந்த யாரோ நீயாக்கூட இருக்கலாம்."

"ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவரைச் சேர்த்துக்கொள்வீர்களா?"

கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அதுக்கு மட்டும் விலக்கு போடுவாங்க" என்றார். பிறகு, "அது எல்லா இடத்திலயும் அப்படித்தான், சிக்கு."

எல்லா இடத்திலும் அப்படித்தான். நாங்கள் விண்ணப்பித்த கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்தது. ஓதுவாரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இனிப்புநீர், அதன் காரணமாக வரும் கண், சிறுநீரகம், நரம்பு, கால் தொடர்பான எதற்கும் பொறுப்பில்லை. மற்றபடி முழுப் பாதுகாப்பு. பொருளாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப அவருக்கு என்ன வரும்னு பயந்தோமோ, அதைத் தவிர மத்ததெல்லாம் இருக்கு" என்றார்.

அப்பர் நினைவுக்கு வருகிறார். வயிற்றுக்குள் சூலை. இருந்த சமண மடத்தில் வைத்தியம் பார்த்தார்கள், தீரவில்லை, கைவிட்டார்கள். பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் போட்டுவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தமக்கை திலகவதியாரிடம் போய் நின்றார். அவள் திருநீறு கொடுத்து அதிகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அப்பரைவிடப் பொருத்தமான உதாரணம் நம்மிடம் கிடையாது. நோய் வந்த பிறகு விண்ணப்பித்தவர். அதுவரை ஒரு தவணைகூடக் கட்டாதவர், எதிர்முகாமில் கட்டிக்கொண்டிருந்தவர். எந்தக் கம்பெனியும் அவரைத் தொட்டிருக்காது. கதவைத் திறந்தவள் தமக்கை மட்டும்தான். 'ஆமா, எவ்வளவு நாளா?' என்று அவள் கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை.

கோபத்தில் சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு வாத்தியார் மனசு ஒன்று எனக்குள் இருக்கிறது, அது கேட்கிறது: நோய் வந்த பிறகு சேரலாம் என்றால் வராதபோது எவன் கட்டுவான்? பானை காலியாகத்தானே கிடக்கும்? உண்மைதான். அந்த விலக்கு கல்மனசால் வந்ததில்லை. அவனவன் இஷ்டத்துக்குச் சேர்கிற பானைக்கு வேறு வழியில்லை.

இஷ்டம் பார்க்காமல் எல்லாரும் சேர்கிற பானை ஒன்று எங்கள் தோட்டத்தில் இருந்தது. கூட்டைச் சொல்லவில்லை. கூட்டு வேறு. மாசம் இருபது வெள்ளி கட்டி முறை வைத்து எடுப்பது, ஒருத்தி எடுத்துக்கொண்டு ஓடினால் லயமே சண்டை போடுவது. 1971இல் அரசாங்கம் அதைத் தடைசெய்தபோது ஆங்கிலச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்று நம் வாயில் வருகிற சொல்லைப் போட்டது. அந்த ஒரு பெருமை மிச்சம். கூட்டில் குடிகாரனைச் சேர்க்க மாட்டார்கள், அதற்கும் விலக்கு உண்டு. நான் சொல்வது மரண நிதி. சம்பளத்தன்று வீட்டுக்கு ஒரு வெள்ளி. தண்டல் நோட்டுப் புத்தகத்தோடு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வருவார். ஏழாம் நம்பர் வீட்டுக் கிழவர் இருமி இருமி ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். அடுத்து அவருக்குத்தான் எடுக்கப்போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவரிடமும் அதே ஒரு வெள்ளிதான். லயத்தில் வீடு இருந்தால் நோட்டில் பெயர் இருக்கும், வேறு கேள்வி கிடையாது. எல்லோரும் உள்ளே என்றால் யாரையும் வெளியே தள்ளவேண்டிய அவசியம் பானைக்கு இல்லை. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் 2015இல் மெடிஷீல்டு லைஃப் கொண்டுவந்து, ஏற்கெனவே நோய் உள்ள குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் சேர்த்துக்கொண்டது இதே கணக்கில்தான். அவர்களில் சிலரிடம் பத்து வருஷம் கூடுதலாக வாங்குகிறார்கள், தண்டல் அதையும் வாங்கவில்லை.

தோட்டத்துக்காரன் நல்லவன் என்று நான் கதை சொல்வதாக நினைக்க வேண்டாம். மருந்துக்கு என்று நாங்கள் ஒரு வெள்ளியும் எடுத்து வைத்ததில்லை. சாவுக்கு மட்டும்தான் எடுத்து வைத்தோம். செத்தபிறகு செலவு உண்டு என்பதில் எங்களுக்கு இருந்த நம்பிக்கை, சாகாமல் காப்பாற்றலாம் என்பதில் இருக்கவில்லை. என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து டிரெஸர் கொய்னாத் தண்ணீர் ஊற்றுவார், விழுங்கினாயா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குக் காசு வாங்கவில்லை. காய்ச்சல்காரன் பால்மரம் வெட்ட மாட்டான் என்ற கணக்கு அது. மலாக்காவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்டவர் டான் சாய் யான், 1896இல், புக்கிட் லிந்தாங்கில். 1916இல் அவரே மலேரியாவில்தான் போனார். கொசு செக்ரோல் பார்த்துக் கடிப்பதில்லை.

மாசி மகம் வந்தது. பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குத் தேர் போகும். மலாக்காக்காரனுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. ஓதுவார் தேருக்குப் பின்னால் பாடிக்கொண்டே வெறுங்காலில் நடந்தார். பங்குனி பிறக்காத வெயில்தான், ஆனாலும் தார் ரோடு. இனிப்புநீர்க்காரருக்குப் பாதத்தில் உணர்வு குறைவு, கொப்புளம் வந்தது அவருக்கே தெரியவில்லை. நான்கு நாள் கழித்து வகுப்பில் ஒரு பெண்பிள்ளைதான், "ஐயா, உங்க காலு நாத்தமடிக்குது" என்று சொல்லியிருக்கிறாள்.

பொருளாளருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. 2019லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அரசாங்கத்தின் சொக்சோ திட்டத்தில் இருக்கிறார்கள், வேலையில் அடிபட்டால் உண்டு. நாங்களும் கட்டிக்கொண்டிருந்தோம். "அண்ணே, அவரு வேலையே பாடுறதுதானே? பாடிக்கிட்டு நடக்கும்போதுதானே கால் போச்சு? இது வேலை நேரத்துக் காயம்." நியாயமாகத்தான் பட்டது. எழுதிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. கேட்கவே இல்லை. ஓதுவார் விடவில்லை.

"வேலையாப் போகல, சார். சாமி கூடப் போனேன்."

"சம்பளம் குடுக்கிறோமே ஐயா, பாடுறதுக்கு?"

"சனிக்கிழமைக்குக் குடுக்கிறீங்க."

இரண்டு கதவையும் அவரே சாத்திக்கொண்டார். ஒன்று உண்மை சொல்லி, இன்னொன்றும் உண்மை சொல்லி. எனக்குக் கோபம் வந்தது. திருமூலரைப் பற்றி வகுப்பில் இவரே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்: உடம்பை ஒரு காலத்தில் அற்பமாக நினைத்தவர், உள்ளே ஆண்டவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேண ஆரம்பித்தார் என்று. அதை அவருக்கே திருப்பிச் சொன்னேன். "பேணணும்தான் சார்" என்றார். "பொய் சொல்லிப் பேணணும்னு மூலர் சொல்லல."

அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலிலேயே எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர், அதே இனிப்புநீர், அதே கால். அவருக்குச் சில வெள்ளி. ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியன் நான், எனக்கென்றால் அதுவும் இல்லை. ஓதுவாருக்கு வெளிநாட்டவர் கட்டணம், கட்டிலில் படுக்கும் முன்பே முன்பணம். கவுண்டரில் இருந்த பெண் மேல் குற்றமில்லை, பட்டியலைப் பார்த்துச் சொன்னாள். என் தாத்தாவும் இவருடைய தாத்தாவும் நாகப்பட்டினத்தில் ஒரே கரையில் நின்றிருக்கக்கூடும். ஒருவர் கப்பலில் ஏறினார், ஒருவர் ஏறவில்லை. அந்த வித்தியாசத்தை ஊழ் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. அது ஒரு கட்டணப் பட்டியல், அரசிதழில் வந்தது, திருத்தக்கூடியது.

பணத்தை எப்படிக் கட்டினோம் என்பது பெரிய கதையில்லை. பொருளாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தாமானில் வீடு வீடாகப் போனார். பழைய தண்டல் மகன் அவர், கைப்பழக்கம் போகவில்லை. பால்மரம் வெட்டிய கைகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன, அவை ஐந்தும் பத்துமாகக் கொடுத்தன. மலாய்க்கார சிக்கு நூறு வெள்ளி அனுப்பினார். நோட்டில் என்னவென்று எழுத என்று கேட்டதற்கு, "தபர்ரூன்னு எழுது, விலக்கு இல்லாதது" என்றார். ஒரு விரலோடு போயிற்று. பாதம் தப்பியது.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கிறார். திருநீலகண்டப் பதிகம் பிள்ளைகளுக்குப் பாடமாகிவிட்டது. போன சனிக்கிழமை ஒரு பையன் கேட்டான்: "ஐயா, இதைப் பாடுனா காய்ச்சலுக்குப் பனடோல் வேணாமா?"

"பனடோல் போட்டுக்க. போட்டுட்டு, யார்கிட்ட பனடோல் இல்லையோ அவனுக்கும் சேத்துப் பாடு."

பையனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

வகுப்பு முடிந்ததும் காப்புறுதியைப் புதுப்பிக்கிற படிவத்தை நீட்டினேன். மூன்றாம் பக்கம் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இனிப்புநீர், ஒன்பது ஆண்டுகள். கால் புண், அறுவைச் சிகிச்சை, ஒரு விரல் நீக்கம். தேதி, ஆஸ்பத்திரி பெயர், சாப்பிடும் மருந்துகள். கொடுத்திருந்த கட்டத்துக்குள் அடங்கவில்லை. "சார், இன்னொரு தாள் வெச்சு ஒட்டலாமா?" என்று கேட்டார். பொருளாளர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளும் குண்டூசியும் எடுத்துக் கொடுத்தார்.